துவைக்கக் கூடாத சட்டை

வியாழக்கிழமை இரவு பதினோரு மணிக்கு
நொக்குதுலா உன் மகளைக் கொண்டுவந்தாள்.
மழை. சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட் முழுக்க மின்சாரம் இல்லை.
டார்ச் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டேன்:
குழந்தை ஒன்று, பெயர் ஷிவானா, வயது ஐந்து மாதம்.
பால் புட்டி ஒன்று. டயப்பர் நான்கு.
பெரியவர்கள் போடும் மஞ்சள் சட்டை ஒன்று,
பிளாஸ்டிக் பையில்.

"இதை மட்டும் துவைக்காதீங்க, ஆன்ட்டி."
தலையாட்டினேன்.
விடிந்ததும் துவைத்துவிட்டேன்.

கெர்ஷ்னி, இதை நான் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம்.
ரத்தமோ சீழோ சாவோ
கொதிநீரில் போகாதது எதுவுமில்லை என்று
நம்பிய கை இது.
உன் சட்டையில் சிகரெட், புளித்த பால்,
டாக்ஸிக் கூட்டத்தின் வேர்வை.
மூக்கைச் சுளித்தேன்.
சட்டையைப் பார்த்து மட்டுமல்ல.

பிறகு அவள் தூங்கவில்லை.
அன்று இரவும், அடுத்த இரவும்.
வெயில் மணக்கும் சட்டையை
முகத்தருகே கொண்டுபோனால்
முகர்ந்து பார்ப்பாள்,
வேறு யாரோ குடிவந்துவிட்ட வீட்டின் வாசலில்
நிற்பவளைப் போல ஒரு கணம் நிற்பாள்,
பிறகு வீறிடுவாள்.

பசியழுகை தெரியும் எனக்கு. வயிற்றுவலி தெரியும்.
மருந்து விட்டுப்போகும் உடம்பின் நடுக்கமும் தெரியும்,
இதற்கு முன் ஆறு குழந்தைகள் வந்துபோன வீடு.
இது தேடுகிற அழுகை.
பளபளக்கும் என் வீட்டில்
எந்த மூலையிலும் நீ இல்லை.

மூன்றாம் நாள் போன் செய்து ஒப்புக்கொண்டேன்.
நொக்குதுலா திட்டவில்லை.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"சரி, இன்னொன்று கேட்கலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை, சந்திப்பு அறை.
சுவரில் ஒற்றைக் காதுள்ள ஒட்டகச்சிவிங்கி.
முக்கால் மணி நேரம் தாமதம் நீ.
வரமாட்டாய் என்று மனசுக்குள்
தீர்ப்பே எழுதி முடித்திருந்தேன்.
கிளினிக் வரிசையில் மருந்துக்கு நின்று
இரண்டு டாக்ஸி மாறி வந்திருந்தாய்,
செருப்பில் சேறு.

அவள் உன் முகத்தைப் பார்க்கவில்லை.
நேராகக் கழுத்துக்குப் போனாள்.
நான்கு இரவின் தூக்கமும் மொத்தமாக
அங்கே போய் விழுந்தது.
"இருக்கிறதே கால் மணி நேரம்,
அதையும் தூங்கிட்டா" என்றாய்.
சிரித்தாயா அழுதாயா, தெரியாது.
நான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துவைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் நீ கழிப்பறைக்குப் போய்
போட்டிருந்த சட்டையைக் கழற்றி,
ஜாக்கெட் ஜிப்பைத் தொண்டைவரை ஏற்றிக்கொண்டு வந்து
சூடு ஆறாமல் என் கையில் வைத்தாய்.
"இடது பக்கம் ஒருக்களிச்சுப் பிடிச்சாத்தான் பால் குடிப்பா.
யாரும் என்னைக் கேட்கலை."

இப்போது கேட்கிறேன்.
டயப்பர் பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
குளிக்கும்போது ஏன் வலது காலை மட்டும்
மடக்கிக்கொள்கிறாள்?
மைனா கத்தினால் ஏன் சிரிக்கிறாள்?
உன் ஜன்னலில் மைனா வருமா?
சில வாரம் கோணல் எழுத்தில் பதில் வருகிறது.
சில வாரம் நோட்டு அப்படியே திரும்புகிறது,
சில வாரம் நீயே வருவதில்லை.
அந்த இரவுகளில் உன்மேல் கோபம் இருக்கிறது எனக்கு,
அதையும் மறைக்கவில்லை.

கோர்ட் என்ன சொல்லும்?
நொக்குதுலாவுக்கே தெரியாது.
உன்னிடம் திரும்புவாள் என்று நினைக்கும்போது
என் கை தானாகவே
எதையாவது துவைக்கப் போகிறது.
திரைச்சீலை, தலையணை உறை, சுத்தமாய் இருக்கும் துண்டுகள்.
கொடி நிறைந்துவிடும்.
தொட்டிலில் அந்த ஒன்று மட்டும் அழுக்காக.

இன்று காலை கரண்டியில் டக்கென்று ஒரு சத்தம்.
கீழ் ஈறில், அரிசி முனையளவு.
நோட்டில் எழுதினேன். பிறகு
அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வா.
விரலை அவள் வாயில் வை.